இதயத் துடிப்பு தாளம் தப்பினால்: தேநீரையும் கீரையையும் விட முதலில் ஒதுக்க வேண்டியவை எவை?

கேமரன் மலை – இதயத் துடிப்பு சீராக இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது தேநீர். அடுத்து கீரை. ஆனால் அதே வீட்டு அலமாரியில் பசார் மாலாமில் வாங்கிய மூட்டுவலி மாஜுன், உறவினர் கொடுத்த மீன் எண்ணெய்க் குளிகை, 'உடம்புக்கு நல்லது' என்று வாங்கிய பாக்கெட் கோப்பி ஆகியவை அப்படியே இருக்கும். மருத்துவ ஆய்வுகளைப் பார்த்தால், கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களிடம் தேநீரை விட்டுவிடச் சொல்வது எளிதல்ல. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ஆம் ஆண்டு போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த மலையின் தமிழ்க் குடும்பங்கள் தேயிலையோடு வாழ்ந்தவை. இன்று பலர் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பட்டணங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடம் மாறிவிட்டார்கள். ஆனாலும் காலையில் தே ஓ, மாலையில் தே தாரே என்ற பழக்கம் மாறவில்லை. அப்படியிருக்க, எதை விட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும், எதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது தெளிவாகத் தெரிந்திருப்பது நல்லது.

தாளம் தப்புவது என்றால் என்ன?

இதயத்தின் மேல் அறையில் இருந்து புறப்படும் மின் துடிப்பு ஒழுங்காகக் கீழ் அறைக்குச் சென்றால் நாடி ஒரே சீராக அடிக்கும். மேல் அறைகளில் அந்த மின் துடிப்பு சிதறி, அறை சுருங்குவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கினால், அதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் தாளக் கோளாறு இதுதான். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

இதில் உள்ள பெரிய ஆபத்து படபடப்பு அல்ல, பக்கவாதம். மேல் அறை சரியாகச் சுருங்காததால் இரத்தம் ஒரு மூலையில் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வருகிறது. இந்தக் கோளாறு இல்லாதவர்களை விட உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். அதனால்தான் பலருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. உணவும் துணை உணவும் இங்கே இரண்டு வழிகளில் குறுக்கிடுகின்றன: ஒன்று, நேரடியாகத் துடிப்பைக் கிளறிவிடுவது, மற்றொன்று, சாப்பிடும் மருந்தின் வேலையைக் கெடுப்பது.

தேநீரும் கோப்பியும்

ஒரு கிண்ணம் தேநீரில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. ஒரு கிண்ணம் கோப்பியில் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது பொதுவான அளவுகோல்.

தாளக் கோளாறு உள்ளவர்கள் கோப்பியைத் தொடவே கூடாது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. அண்மைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஓர் ஆய்வில், கோப்பி குடிக்கும் பழக்கமுள்ள 200 நோயாளிகளில், துடிப்பு சீராக்கப்பட்ட பிறகு பாதிப் பேர் நாளுக்கு ஒரு கிண்ணமாவது குடித்தார்கள். மற்றவர்கள் அறவே நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்பியது குடித்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு; நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. கோப்பி மருந்து என்று இதற்குப் பொருள் இல்லை. அளவாகக் குடிப்பவர்கள் பயந்து நிறுத்தத் தேவையில்லை என்பதே இதன் பொருள்.

ஆனால் எல்லார் உடம்பும் ஒன்றல்ல. 2023-இல் வெளியான வேறோர் ஆய்வில், கோப்பி குடித்த நாட்களில் கீழ் அறையில் இருந்து வரும் கூடுதல் துடிப்புகள் அதிகரித்ததும் தூக்கம் குறைந்ததும் பதிவாயின. ஆக, தேநீரோ கோப்பியோ குடித்தவுடன் படபடப்பு வருகிறதா என்பதை அவரவரே கவனித்துப் பார்க்க வேண்டும். வந்தால் குறைக்க வேண்டும். வராவிட்டால் இரண்டு மூன்று கிண்ணத்துக்கு அஞ்ச வேண்டாம்.

தே தாரேயில் உண்மையான பிரச்சினை தேயிலை அல்ல, இனிப்புப் பால். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன் மூன்றும் தாளக் கோளாற்றை வளர்ப்பவை. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. தே தாரேயை தே ஓ கோசோங் ஆக்கினாலே ஒரு படி முன்னேற்றம்.

சக்தி பானங்கள் வேறு கதை. 250 மில்லிலிட்டர் டின்னில் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன் என்பது கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் அவை ஒரே மூச்சில் குடிக்கப்படுகின்றன. சிலவற்றில் குவரானா போன்ற கஃபீன் தரும் செடிச் சாறும் சேர்க்கப்படுகிறது. இரவில் லோரி ஓட்டிக் காய்கறி இறக்குபவர்கள் இரண்டு மூன்று டின் குடிப்பதுண்டு. துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இதை அறவே விட்டுவிடுவது நல்லது.

கீரையை நிறுத்த வேண்டாம், அளவை மாற்ற வேண்டாம்

கீரைக் கட்டுப்பாடு எல்லா நோயாளிகளுக்கும் உரியதல்ல. அது வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. கீரை அதிகமானால் மருந்து தோற்கும். கீரை திடீரென நின்றால் மருந்து மிஞ்சும். முதலாவதில் இரத்தம் கட்டும் அபாயம், இரண்டாவதில் இரத்தக் கசிவு அபாயம்.

ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை இதைத்தான் அளக்கிறது. தாளக் கோளாற்றுக்காக வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

கேமரன் மலைக்காரர்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். சாவி, பாயாம், கைலான், வாட்டர்கிரெஸ், புரோக்கோலி எல்லாம் வாசலிலேயே விளைகின்றன. விலை விழும் வாரத்தில் மூன்று வேளையும் கீரை. விலை ஏறினால் ஒரு வாரம் கீரையே இல்லை. வார்ஃபரினுக்குப் பிடிக்காதது இந்த ஏற்ற இறக்கம்தான். வேக வைத்த பசலைக் கீரை அரைக் கிண்ணத்தில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் கே இருக்கிறது. அதே அளவு முட்டைக்கோஸில் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தக்காளி, கத்தரிக்காய், முள்ளங்கிக் கிழங்கு ஆகியவற்றில் மிகக் குறைவு. எனவே வாரத்துக்கு இத்தனை முறை, இவ்வளவு கீரை என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அதையே தொடர்வது சிறந்த வழி.

விரத காலங்களில் கூடுதல் கவனம் தேவை. புரட்டாசியில் ஒரு மாதம் சைவம், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் என்று உணவு மாறும்போது ஐ.என்.ஆர். அளவும் மாறக்கூடும். கீரை கூடினால் அளவு இறங்கும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு உணவு குறைந்தால் அளவு ஏறும். விரதம் இருக்கக் கூடாது என்பதில்லை. தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லி, இடையில் ஒரு முறை கூடுதலாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பச்சைத் தேயிலை நீரில் வைட்டமின் கே மிகக் குறைவு. ஓரிரு கிண்ணம் பாதிக்காது. ஆனால் இலையையே அரைத்துக் கலக்கும் மாட்சா, கீரைப் பொடி, பச்சைச் சாறு வகைகளில் அது செறிவாக இருக்கும்.

அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகட்ரான் ஆகிய புதிய மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்தால் முழுமையாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். காலையில் வெறும் தேநீரோடு அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது மருந்தை வீணாக்குவதாகும். இயந்திர இதய வால்வு பொருத்தியவர்களுக்கு இந்தப் புதிய மருந்துகள் பொருந்தாது, அவர்களுக்கு வார்ஃபரின்தான்.

பம்ளிமாஸ் வாங்கும் முன்

சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குபவர்கள் தம்பூன் பம்ளிமாஸ் வாங்காமல் திரும்புவது அரிது. லீமாவ் பாலி எனப்படும் இந்தப் பழமும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் குடலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடும் பொருளைக் கொண்டவை. நொதி முடங்கினால் சில மருந்துகள் அளவுக்கு மீறி இரத்தத்தில் சேரும். கனடா ஆய்வாளர்கள் வேறொரு சோதனையின்போது தற்செயலாகக் கண்டுபிடித்து 1989-இல் வெளியிட்ட செய்தி இது.

துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், டிரொனெடரோன், வெராபமில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் ஆகியவை இப்பட்டியலில் அடங்கும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிடுவதும் பயன்தராது. பழத்தின் விளைவு ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும். மருந்தகத்தில் மாத்திரைப் பெயரைக் காட்டி, பம்ளிமாஸ் சாப்பிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கும் சீனப் புத்தாண்டு கமலாவுக்கும் இந்தத் தடை இல்லை.

மதுவில் சமரசம் இல்லை

உணவுப் பட்டியலில் எதை முதலில் விட வேண்டும் என்று கேட்டால், ஆய்வுகள் மிகத் தெளிவாகச் சுட்டுவது மதுவை. விடுமுறை நாட்களில் அளவு மீறிக் குடித்துவிட்டுத் தாளக் கோளாற்றோடு மருத்துவமனைக்கு வருவோரைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978-லேயே அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்தார்கள். தீபாவளி விருந்துக்கும் இது பொருந்தும்.

2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் நேரடியானது. தாளக் கோளாறுள்ள, தவறாமல் குடிக்கும் 140 பேரில் ஒரு பிரிவினர் குடியை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் குடித்தார்கள். ஆறு மாதத்தில் கோளாறு திரும்பியது நிறுத்தியவர்களில் 53 விழுக்காட்டினருக்கு. தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு.

பீர் லேசானது, கள் இயற்கையானது என்ற கணக்குகள் இதயத்துக்குத் தெரியாது. மலிவான சம்சுவில் மதுச்சத்து மிக அதிகம். அது இதயத் தசையையே பலவீனப்படுத்தும். வார்ஃபரின் எடுப்பவர் குடித்தால் இரத்தக் கசிவு அபாயமும் கூடுகிறது. குடித்துவிட்டுக் கீழே விழுந்தால் தலைக்குள் கசிவு ஏற்படலாம். நெடுங்காலம் தினமும் குடித்தவர்கள் மட்டும் ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி அவர் உதவியோடு நிறுத்த வேண்டும்.

பொட்டாசியம்: கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

இதயத்தின் மின் துடிப்பு பொட்டாசியத்தை நம்பியிருக்கிறது. நீர் பிரியும் மாத்திரை, வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றால் அது குறைந்தால் தாளம் தப்பும். டிகோக்சின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு நாள் சுவைப்பது வேறு. நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பது வேறு.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் நேர்மாறான ஆபத்து உண்டு. அவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும். வாழைப்பழம், இளநீர், டுரியான், மெங்குடு சாறு ஆகியவற்றை அவர்கள் அளவறிந்தே சாப்பிட வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியமே இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக் கூடாது. பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும்.

கருவாடு, ஊறுகாய், உடனடி மீ ஆகியவற்றின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றி, மறைமுகமாகத் துடிப்பைக் கெடுக்கிறது.

'இயற்கை' என்ற பெயரில் வருபவை

மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். மீன் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் ஒமேகா-3 குளிகைகளைப் பற்றிய பல ஆய்வுகளை 2021-இல் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் அபாயம் 49 விழுக்காடு கூடியிருந்தது. 1 கிராம் வரை எடுத்தவர்களுக்கு 12 விழுக்காடு. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2023-இல் ஒமேகா-3 மருந்துகளின் பக்க விளைவுகளில் இதையும் சேர்த்தது. மருத்துவர் எழுதிக் கொடுக்காத மீன் எண்ணெயைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது.

சமையலில் போடும் பூண்டும் மஞ்சளும் இஞ்சியும் பிரச்சினை இல்லை. அவற்றையே செறிவாக்கிக் குளிகையில் அடைத்தால், இரத்தம் உறையாமைக்கான மருந்தோடு சேர்ந்து கசிவைத் தூண்டக்கூடும். ஜிங்கோவும் அப்படியே. சின்சே கடைகளில் கிடைக்கும் டான்ஷென், டாங் குவாய் இரண்டும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். ஜின்செங் அதன் வேலையைக் குறைக்கும். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் டிகோக்சின், வார்ஃபரின், புதிய உறைவுத் தடுப்பு மருந்துகள் எல்லாவற்றின் பலனையும் குறைத்துவிடும்.

மிகக் கொடியது நாபி எனப்படும் வத்சநாபிக் கிழங்கு. சீன மருத்துவத்தில் சுவான்வூ, சாவோவூ என்ற பெயர்களில் மூட்டுவலிக்குப் பயன்படுவதும் இதே இனந்தான். முறையாகச் சுத்தி செய்யாமலோ போதுமான நேரம் கொதிக்க வைக்காமலோ உட்கொண்டால், சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு வரலாம். இதய நோயாளிகளுக்கு இதில் பாதுகாப்பான வீட்டு வைத்தியம் என்று எதுவும் இல்லை.

மாஜுன், பாக்கெட் கோப்பி, சளி மருந்து

மழையிலும் குளிரிலும் சரிவில் நின்று வேலை செய்தவர்களுக்கு மூட்டுவலி புதிதல்ல. அந்த வலிக்கு 'ஒரே நாளில் குணம்' என்று விற்கப்படும் மாஜுன், ஜாமு சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டெராய்டு கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஆண்மை சக்தி என்று விற்கப்படும் சில கோப்பிப் பாக்கெட்டுகளில் சில்டெனாஃபில், தடாலாஃபில் வகை மருந்துகளும், உடல் மெலிவதற்கான கோப்பிகளில் சிபுத்ராமினும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையோடு முதல் வகை சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். சிபுத்ராமின், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்து துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். வலி மாத்திரைகளில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் கசிவு வரலாம். இருமலோ வலியோ, மருந்து வாங்கும்போது 'எனக்கு இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று சொல்லியே வாங்க வேண்டும்.

மலேசியாவில் விற்கப்படும் மருந்துகள், பாரம்பரிய மருந்துகள், சத்துக் குளிகைகள் எல்லாம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்யப்பட்டு, எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணைக் கொண்டிருக்க வேண்டும். பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதே நேரத்தில், எண் இருப்பதால் மட்டும் அது வார்ஃபரினோடு ஒத்துப்போகும் என்று பொருளல்ல.

மலையில் வசிப்பவர்களுக்கு

தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மலையிறங்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொருத்தமானவர்களுக்கு, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தோட்டத்து உள்சாலையும் வளைந்து இறங்கும் மலைச்சாலையும் அந்த நேரத்திலேயே ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதனால் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 'கொஞ்சம் படுத்தால் சரியாகும்' என்று காத்திருக்காமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், கருநிற மலம், நிற்காத மூக்குக் கசிவு, தலையில் அடி ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்ப்பதை வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளலாம். ஓய்வில் இருக்கும்போது நாடி ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு அடித்தால் கிளினிக்குக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த மருத்துவச் சந்திப்புக்குப் போகும்போது மாத்திரைகளை மட்டுமல்லாமல், அலமாரியில் உள்ள குளிகை, பொடி, மாஜுன், கோப்பிப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் குப்பையில் போட வேண்டும் என்று மருத்துவரோ மருந்தாளரோ பார்த்துச் சொல்வார்கள். அதுவரை எந்த மருந்தையும் சொந்தமாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.